செவிலியின் வினை

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் முதலில் எழுதிக்கொண்ட குறிப்புகளுள் ஒன்று உண்டு. கல்வி அளித்தலைக் குறிக்கும் ‘எஜுகேட்’ என்னும் ஆங்கில வினைச்சொல், ‘வெளியே கொணர்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஆகவே மாணவனுக்குள் உறங்குவதை வெளிக்கொணர்வதே ஆசிரியன் பணி என்பது அக்குறிப்பு. அழகிய கருத்து. நானும் அதனை மேடைகளில் எடுத்துரைத்துக் கைதட்டல் பெற்றதுண்டு. பின்னாளில் சொற்பிறப்பு அகராதியைப் புரட்டியபோதுதான் செய்தி அத்துணை எளிதன்று என்பது விளங்கிற்று.

இலத்தீனில் இரு சொற்கள் உள. ‘எடூக்கெரே’ என்பது வெளியே இட்டுச்செல்லுதல். ‘எடுக்காரே’ என்பது வளர்த்தல், பேணுதல். இரண்டும் உறவுடையனவே. ஆயினும் 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் புகுந்த ‘எஜுகேட்’ பின்னதன் வழிவந்தது. உரோமர் அச்சொல்லைக் குழந்தைக்கு மட்டுமன்றி, விலங்குக்கும் செடிகொடிக்கும் வழங்கினர். வார்ரோ (கி.மு. 116–27) என்னும் உரோமானியப் பேரறிஞர், வெளிக்கொணரும் வினையை மருத்துவச்சிக்கும், வளர்க்கும் வினையைச் செவிலிக்கும் ஒதுக்கிவிட்டு, ஆசானுக்கு வேறொரு வினையையே தந்தார். நாம் பெருமையோடு சூடிக்கொண்ட இரு சொற்களும் நமக்குரியன அல்ல! புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் ஒரு மகனை உருவாக்கும் கடமைகளைப் பங்கிடும்போதும் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் எனச் சொல்லிச் செல்கிறாரேயன்றி, ஆசிரியனைக் குறிக்கவில்லை என்பதை ஈண்டு நினைந்து நான் சிரித்துக்கொள்வதுண்டு.

சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளைக் கட்டிப்போடாது என்பீர்கள். உண்மைதான். ஆனால், பிழையான சொற்பிறப்பு ஒன்று நம் மனச்சான்றுக்குத் தாலாட்டுப் பாடுமாயின், அதனைச் சற்று அலசுதல் வேண்டும்.

நான் இளம் ஆசிரியனாய்த் தோட்டப்புறப் பள்ளியொன்றில் பணியாற்றிய காலம். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் ‘கடற்கரையில் ஒரு மாலை’ என்னும் கட்டுரையைக் கொடுத்தேன். குறிப்பு எதுவும் தரவில்லை. உள்ளிருப்பது தானே வெளிவர வேண்டுமன்றோ! ஒரு மாணவன் தலைப்பும் தேதியும் மட்டும் எழுதிய தாளை நீட்டினான். சினந்து கேட்டேன். “நான் கடல் பார்த்ததே இல்லீங்க சார்” என்றான். நான் அவனுக்குச் சுழியம் இட்டேன்.

வெளிக்கொணர்தல் ஒன்றே நம் பணி என்று கொண்டால், ஒன்றும் வெளிவராதபோது குற்றம் மாணவனுடையதாகிவிடுகிறது. உள்ளே ஏதுமில்லை என்று சொல்லிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ளலாம். வளர்த்தல் நம் பணி என்று கொண்டாலோ, ‘நீ என்ன ஊட்டினாய்?’ என்னும் வினா நம்மை நோக்கித் திரும்புகிறது. முன்னது நமக்கு இனித்ததற்குக் காரணம் இதுதானோ என்று ஐயுறுகிறேன்.

ஊட்டுதல் திணித்தலாகிவிடாதா என்பது தக்க கேள்வியே. மியூரியல் ஸ்பார்க் 1961இல் வெளியிட்ட நாவல் ஒன்றில், எடின்பரோ நகர ஆசிரியை ஜீன் புரோடி, கல்வி என்பது வெளிக்கொணர்தலே என்று இதே சொற்பிறப்பைக் காட்டி வாதிடுகிறாள். ஆனால் அவள் செய்வதோ தன் விருப்பு வெறுப்புகளை மாணவியர் உள்ளத்தில் ஏற்றுவதே. அவள் பேச்சில் மயங்கி ஸ்பெயின் நாட்டுப் போருக்குப் புறப்பட்ட மாணவி ஒருத்தி மாண்டுபோகிறாள். தான் ஊட்டவே இல்லை என்று நம்புகிறவர் எதை ஊட்டுகிறோம் என்று பார்ப்பதில்லை. செவிலிக்கோ ஊட்டுவது இன்னதென்றும் தெரியும், அளவும் தெரியும்.

அடுத்த கிழமை நான் வகுப்பில் கடற்கரைப் படமொன்றை மாட்டி, அலையோசையையும் உப்புக்காற்றையும் பற்றி அரைமணி நேரம் பேசினேன். அம்மாணவன் இம்முறை ஒரு பக்கம் எழுதினான். விடியற்காலையில் ரப்பர் மரங்களுக்கிடையே பனி நகர்வதுபோல் கடல் நகரும் என்று அதில் ஒரு வரி இருந்தது. பனியைப் பற்றி நான் ஏதும் சொல்லியிருக்கவில்லை. கடலைப் பற்றி அவன் ஏதும் அறிந்திருக்கவுமில்லை. அந்த வரியில் எது அவனுடையது, எது நான் தந்தது என்று பிரித்துக்காட்ட இன்றளவும் என்னால் இயலவில்லை.