பொதுப்பணியும் சங்கத்தின் வாசலும்

ஒரு மாநகரம் பாலத்தையோ பள்ளியையோ கட்ட முற்படும்போது அந்த வேலையைத் தொழிற்சங்க உறுப்பினர்களுக்கே ஒதுக்கலாமா என்ற கேள்வி, அமெரிக்காவில் பெரும்பாலும் செலவுக் கணக்காகவே விவாதிக்கப்படுகிறது. அதன் அடியில் கிடப்பதோ அறம் சார்ந்த வினா: கூடிப் போராடி உரிமை பெற்றவர்கள், கூடாதவர்களைப் பொதுப்பணியிலிருந்து விலக்கும் உரிமையையும் பெற்றுவிட்டார்களா?

இவ்வொதுக்கீடு நடைமுறையில் 'திட்டத் தொழிலாளர் ஒப்பந்தம்' என்ற வடிவில் வருகிறது. அதாவது, வேலை தொடங்கும் முன்பே கட்டுமானச் சங்கங்களுடன் கூலியையும் விதிகளையும் பேசி முடித்து, ஒப்பந்தம் எடுக்கும் எவரையும் அதற்குக் கட்டுப்படுத்துவது. பாஸ்டன் துறைமுகத்தைத் தூய்மைப்படுத்தும் பெரும்பணியில் 10 ஆண்டுகள் வேலைநிறுத்தம் செய்வதில்லை என்று சங்கங்கள் உறுதியளித்தன. அதற்கு ஈடாக, தொழிலாளர்கள் முதன்மையாகச் சங்கங்களின் ஆள் அமர்த்தும் நிலையங்கள் வழியாகவே வரவேண்டும், வேலையில் சேர்ந்த 7 நாள்களுக்குள் உறுப்பினராக வேண்டும் என்பன ஏற்கப்பட்டன. சந்தையில் பொருள் வாங்கும் தனியார் உரிமையாளர் செய்யக்கூடியதையே அரசு நிறுவனமும் செய்திருக்கிறது என்று கூறி, 1993இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இதை அனுமதித்தது. சட்டத்துக்கு இந்த விடை போதும், அறத்துக்குப் போதாது. தனியார் செலவிடுவது தன் பணத்தை, நகரம் செலவிடுவதோ சங்கத்தில் இல்லாத கொத்தனாரும் செலுத்திய வரியை.

சங்கத்தின் வாதம் வலுவானது. குறைந்த தொகை கேட்பவருக்கே வேலை என்னும் ஒப்பந்தப்புள்ளி முறையில், அந்தக் குறைப்பு கடைசியில் உயரத்தில் நிற்பவனின் கூலியிலும் அவன் இடுப்பில் கட்டியிருக்க வேண்டிய பாதுகாப்புக் கயிற்றிலும்தான் போய் விழும். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடல், தொழிலாளர் கூடிச் சங்கம் அமைப்பதை இயற்கை உரிமை என்று நிறுவியதோடு, இருவர் மனமொத்துப் பேசிய கூலியாயினும் அது சிக்கனமான வாழ்வுக்குப் போதாதெனில் நீதியன்று என்றும் கற்பித்தது. சந்தா கட்டியவன் வென்ற கூலியைக் கட்டாதவன் அனுபவிப்பது முறையா என்று சங்கம் கேட்பதில் நியாயம் உண்டு.

ஆனால் அதே சுற்றுமடலில் பலரும் கடந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. சமயத்துக்குப் பகையான தலைமை கொண்ட சங்கங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாயினும், வேலைக்களம் முழுவதையும் கைப்பற்றி, சேர் அல்லது பட்டினி கிட என்று தொழிலாளியை நெருக்கும் அமைப்புகளை லியோ அங்கே கண்டிக்கிறார். சேரச் சொல்லி நெருக்குவதே தவறென்றால், சேர வந்தவனுக்குக் கதவடைப்பதை என்னவென்பது? நியூயார்க்கின் தகட்டு உலோகத் தொழிலாளர் சங்கத்தின் 28ஆம் கிளை கறுப்பினத்தவரை விலக்கி வந்ததை மாநில ஆணையம் 1964இல் கண்டறிந்தது. தொழில் பழகுநராகச் சேரும் இடங்கள் அங்கே பெரும்பாலும் உறுப்பினர்களின் உறவினர்க்கே போயின. வெள்ளையரல்லாத உறுப்பினர்கள் 29 விழுக்காடாக வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் விதித்த இலக்கை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ய 1986 வரை ஆயிற்று.

எனவே சந்தா குறித்த வாதம், உள்ளே வர வழியிருந்தும் வராதவனுக்கு எதிராக மட்டுமே செல்லும். மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உவமையில், பொழுது சாயும் நேரத்திலும் சந்தைவெளியில் நிற்பவர்கள் தங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். அவர்கள் நிற்பதற்குக் காரணம் சோம்பல் அன்று. அமெரிக்காவின் 1947ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், சங்க உறுப்பினரை மட்டுமே வேலைக்கு எடுக்கும் முறையைத் தடைசெய்துவிட்டது உண்மைதான். ஆயினும் பழகுநர் பயிற்சிக்கு யார் எடுக்கப்படுகிறார், ஆள் அமர்த்தும் பட்டியலில் யார் பெயர் முதலில் வருகிறது என்பவற்றில்தான் விலக்கல் குடியிருக்கிறது. நகரம் கூலியையும் காப்பீட்டையும் பாதுகாப்பையும் எல்லா ஒப்பந்தக்காரர் மீதும் தயங்காமல் விதிக்கலாம்; சங்கத்தோடு கையெழுத்திடும் முன், அந்தப் பட்டியலையும் பழகுநர் சேர்க்கைப் பதிவேட்டையும் திறந்து காட்டும்படி கேட்பதும் அதன் கடமையே.