கதவைத் தட்டும் கைகள்

மைசூருக்கு வடக்கே உள்ளது பாண்டவபுரம். அவ்வூர் மெக்கானிக் ஒருவர் வயநாட்டில் வாங்கிய சீட்டுக்கு, 2024 அக்டோபரில் கேரள அரசின் திருவோணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி ரூபாய் விழுந்தது. கர்நாடகம் 2007-இலேயே லாட்டரியைத் தடை செய்துவிட்ட மாநிலம். அதிர்ஷ்டம் எல்லை தாண்டி வந்தது! மறுநாளே அவரது பெயரும் ஊரும் நாடெங்கும் தெரிந்துவிட்டன.

2022-இல் அதே பரிசை வென்ற திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநரின் நிலை என்னவாயிற்று? பணம் கைக்கு வருமுன்பே உதவி கேட்போர் வாசலில் குவிந்தனர். நோயுற்ற குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் வழியின்றி, வீடு மாறி ஒளிந்து வாழ நேர்ந்தது. பரிசு கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் வெளிப்படையாக வருந்தினார்.

எனவே குடும்பத்தைக் காக்கப் பெயரை மறைப்பது குற்றமன்று, விவேகமே. ஆனால் கதவைத் தட்டும் கைகளில் ஏமாற்றுவோர் கையும் உண்டு, மருத்துவச் செலவுக்குத் தவிப்போர் கையும் உண்டு. கதவை அடைத்தவருக்கு இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

1892-இல் மைசூரிலிருந்து புறப்பட்ட சுவாமி விவேகானந்தருக்குத் திவான் சேஷாத்ரி ஐயர் பணக்கட்டைக் கொடுக்க முயன்றார். சுவாமிஜி ஏற்றதோ கொச்சிக்கு ஒரு ரயில் சீட்டு மட்டுமே! துறவிக்கு அது இயலும். கடனும் பிள்ளைகளும் உள்ள இல்லறத்தாருக்கு அதையே உபதேசிப்பது நியாயமாகாது. அவர்கள் தம் தேவையை அளந்துகொண்டு, எஞ்சியதில் பெயர் சொல்லாமல் உதவலாம். ஏழைச் சிறுமியின் கட்டணத்தைப் பள்ளியிலேயே நேராகச் செலுத்தலாம். ரசீதில் அவள் பெயர் இருந்தால் போதும்.