புல்வெளியில் ஓர் இரவு



நாலு நண்பர்கள் சேர்ந்து மலைக்குப் போகலாம் என்று பேச ஆரம்பித்தால், கொடைக்கானல் பெயர் தானாக வந்துவிடும். ஏரி, தூண் பாறை, குணா குகை எல்லாம் பார்த்தாயிற்று, இந்த முறை கூட்டமே இல்லாத பக்கம் போவோம் என்பார் ஒருவர். மன்னவனூரில் கண்ணுக்கெட்டும் தூரம் புல்வெளியாமே, ஒரு டென்ட் எடுத்துப்போய் அங்கேயே படுத்துவிடலாம் என்பார் இன்னொருவர். உடனே வாட்ஸ்அப்பில் குழு தொடங்கிவிடும். யார் கார், யார் சமையல், போர்வை எத்தனை. நல்ல ஆசைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குழுவில் பெரும்பாலும் யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு: நாம் படுக்கப்போகும் அந்த இடம் யாருடையது?

கொடைக்கானலிலிருந்து மேற்கே 35 கிலோமீட்டர் போல மன்னவனூர். வழியில் பூம்பாறை. படிப்படியாக இறங்கும் வயல்களில் பூண்டு விளையும். கொடைக்கானல் மலைப்பூண்டு என்று 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது இந்தப் பூண்டுதான். அதைத் தாண்டினால் மலையின் சாயலே மாறிவிடுகிறது. மரமில்லாத உருண்டைக் குன்றுகள், ஒன்றன் பின் ஒன்றாக. அவற்றின் மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகச் சோலைக்காடு. மன்னவனூர் ஆட்டுப்பண்ணையின் செம்மறிகள் 1965 முதல் அங்கே மேய்கின்றன. அப்பால் கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று சாலை போய்க்கொண்டே இருக்கும்.

பார்த்தவுடன், இங்கே ஒன்றுமே இல்லையே, எங்கே வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாமே என்று தோன்றும். இப்படித் தோன்றியது நமக்கு மட்டுமில்லை. வெள்ளைக்காரர் காலத்திலும், சுதந்திரத்துக்குப் பிறகு இன்னும் வேகமாகவும், இந்தப் புல்வெளிகளைச் சும்மா கிடக்கிற நிலமாகத்தான் கணக்கெழுதினார்கள். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று வாட்டில் மரம் வைத்தார்கள். விறகுக்கும் மரக்கூழுக்கும் யூகலிப்டஸ் வைத்தார்கள். வாட்டில் வைத்த இடத்தோடு நிற்காமல் தானாகவே பரவியது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பழனி மலையின் நாற்பது ஆண்டுகளை ஒப்பிட்டது. மலை உச்சிப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. தோப்பும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. மரம் நட்டால் புண்ணியம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உறுத்தத்தான் செய்யும். நாம் நின்று படம் எடுத்துக்கொள்கிற பைன் காடும் 1906இல் பிரையன்ட் என்பவர் நடத் தொடங்கியது. ஏரி? அதுவும் 1863இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கட்டியது. கொடைக்கானலில் இயற்கை என்று நாம் கைகாட்டுவதில் பாதி மனிதன் செய்தது. இயற்கையாகவே இருந்த புல்லைத்தான் ஒன்றுமில்லாத இடம் என்றோம்.

அந்தப் புல் என்ன செய்கிறது? மழையை வாங்கி, கருத்த மண்ணுக்குள் இறக்கி, சோலையின் ஓடைகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. வடக்கே இறங்கும் ஓடைகள் சண்முகநதியில் சேர்ந்து அமராவதிக்குப் போகின்றன. தெற்கே இறங்குபவை வைகைக்குப் போகின்றன. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை வந்து சண்முகநதியில் முழுக்குப் போடுகிற பக்தர் தலையில் விழும் நீரில், இந்தக் குன்றுகளின் பங்கும் இருக்கிறது.

ஆகவே அந்த நிலம் காலி மனை இல்லை. சட்டமும் அதைச் சொல்கிறது. 2013இல் இந்த மலையில் சுமார் 600 சதுர கிலோமீட்டர் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் உள்ளே போவதும் தீ மூட்டுவதும் குற்றம். ஊருக்குள் தனியார் நிலத்தில் அனுமதியின்றி வாடகைக்கு விடும் கூடாரங்களுக்கும் தடை உண்டு. இது அதிகாரிகளின் கெடுபிடி என்று சலித்துக்கொள்பவர்கள் 2021 ஜனவரியை நினைத்துப் பார்க்கலாம். வயநாட்டு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கிய ஓர் இளம்பெண்ணை யானை கொன்றது அப்போதுதான். கொடைக்கானலில் காட்டுமாடு கடைவீதிக்கே வந்து நிற்கிறது. இருட்டில் ஒரு துணிச்சுவர் அதற்கு எம்மாத்திரம்?

அடுத்தது, எந்த மாதம் போவது. இதைப் பலரும் லீவு நாளை வைத்து முடிவு செய்கிறார்கள். மலையைக் கேட்டு முடிவு செய்வது நல்லது.

டிசம்பர், ஜனவரியில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். மேகம் இல்லாததால் நிலம் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் வானத்துக்கே விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். விடிகாலையில் பள்ளத்துப் புல் உறைபனியில் வெள்ளையாகிவிடும். திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்று அந்தப் பனியில் கருகிவிடுகிறது. புல்லுக்குக் குருத்து மண்ணோடு ஒட்டி இருப்பதால் அது பிழைத்துக்கொள்கிறது. இந்தக் குன்றுகளில் மரம் ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். மரக்கன்றே தாங்காத இடத்தில் சென்னையிலிருந்து ஒரு ஸ்வெட்டரோடு போகிறவர் என்ன செய்வார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அந்தப் பனியில் காய்ந்த புல் தீக்குக் காத்திருக்கும். 2018 மார்ச் 11, போடி அருகே குரங்கணி. மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். மனிதனால் அந்த வேகத்தில் மேலே ஏற முடியாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் 'கேம்ப் ஃபயர் உண்டு' என்று ஒரு விடுதி விளம்பரம் செய்தால், எனக்கு அது கவர்ச்சியாகத் தெரியவில்லை. அக்டோபர், நவம்பர் மழை மாதம்; மலைப்பாதையில் மண் சரியும். மழை ஓய்ந்து பனி இறுகும் முன்பான சில வாரங்கள் எனக்குப் பிடிக்கும். புல் அப்போது பச்சையாக இருக்கும்.

சரி, அப்படியானால் போகவே கூடாதா? தாராளமாகப் போகலாம். இரவை ஊருக்குள் கழியுங்கள். மன்னவனூரில் வனத்துறையின் சூழல் சுற்றுலா மையம் இருக்கிறது. உரிமம் பெற்ற விடுதிகளும் உண்டு. எது என்றாலும் புறப்படும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காட்டுக்குள் நடக்க விரும்பினால், 2024இல் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு ஒரு பாதை இருக்கிறது. வழிகாட்டியோடு போகலாம். வெள்ளகவி நெடுங்காலம் சாலையே இல்லாமல் இருந்த ஊர். ஊருக்குள் செருப்பு போடுவதில்லை. காரில் மலையேறினால் முன்கூட்டியே இ-பாஸ் வாங்க வேண்டும்; உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இருக்கும் நடைமுறை அது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. பேருந்துக்கு ஆதரவாகச் சொல்ல எனக்கு இது ஒன்றே போதும்.

ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால், ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி கேட்பார்கள். வீட்டில் இருக்கும் எவர்சில்வர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். குறிஞ்சி பூப்பதற்காக 2030 வரை காத்திருந்து போகிறவர்களும் இதை மறக்க வேண்டாம்.