விளங்காத எழுத்தின் கீழ் ஓர் ஒப்பம்

அடையாள அட்டையைத் தொலைத்த மாணவன் ஒருவனோடு முறைப்பாடு பதியப் பொலிஸ் நிலையம் சென்றிருந்தேன். அவன் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி ஒப்பம் வைக்கச் சொன்னார்கள். வைத்தான். வெளியே வந்ததும், "சேர், அதில என்ன எழுதிக் கிடக்கு?" என்றான். எனக்கும் வாசிக்கத் தெரியாது. தமிழும் அரச கரும மொழியானது 1987இல்!

பொலிசை நம்பச் சொல்கிறார்கள். 2020 மே மாதம் தர்கா நகரில், ஆட்டிசம் உள்ள 14 வயது முஸ்லிம் சிறுவன் சோதனைச் சாவடியில் தாக்கப்பட்டான். 2024 மார்ச்சில் எங்கள் வவுனியா வடக்கின் வெடுக்குநாறி மலையில், சிவராத்திரி வழிபாட்டுக்குப் போன எட்டுப் பேர் கைதாகி, பின்னர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். அடிபட்டவனிடம்போய் 'ஏன் நம்பவில்லை' என்று கேட்பது என்ன நியாயம்? நம்பிக்கை ஓர் அமானிதம். அதைக் காக்கும் கடமை கொடுத்தவனுடையதல்ல, வாங்கி வைத்திருப்பவனுடையது.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. தொழிலின் ஆரம்ப ஆண்டுகளில் நானும் பிரம்போடுதான் வகுப்புக்குப் போனேன். எல்லாம் அவர்கள் நன்மைக்கு என்றே நம்பியிருந்தேன். என்னிடம் அடிவாங்கிய ஒரு பிள்ளையின் கொப்பிகள் களவு போயின. அவன் என்னிடம் வரவில்லை. இரண்டு கிழமை ஒற்றைத் தாள்களில் எழுதிக்கொண்டிருந்தான். தாள் ஏன் என்று நானும் கேட்கவில்லை.