பூசிப் பார்ப்பதில் என்ன கெட்டுவிடும்?

ஒருவருக்குக் கன்னம் சிவந்து எரிகிறது, மூக்கோரம் பருப் போலக் கொப்புளங்கள் வருகின்றன என்று வையுங்கள். உடனே வீட்டிலும் அலுவலகத்திலும் வைத்தியர்கள் முளைத்துவிடுவார்கள். "உடம்புச் சூடு, வேப்பெண்ணெய் தடவு." "குங்குமாதி தைலம் போடு." "டீ ட்ரீ ஆயில் வாங்கு." கடைசியில் எல்லோரும் ஒரே வரியில் முடிப்பார்கள்: "மூலிகைதானே, பூசிப் பார்ப்பதில் என்ன கெட்டுவிடும்?"

கெட்டுவிடும் என்பதுதான் பதில்.

அந்தச் சிவப்பு ரோசேசியாவாக இருக்கலாம். முகத்தோலில் நாள்பட நீடிக்கும் அழற்சி அது. வெயில், அடுப்பனல், கொதிக்கும் காபி, காரம், மது, மனப்பதற்றம் எல்லாம் அதைத் தூண்டும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு சட்டென்று தெரியாது. பரு என்று எண்ணியே காலம் ஓடிவிடும். ரோசேசியா வந்த தோல் ஏற்கெனவே தன் காப்பை இழந்து நிற்கிறது. அதன்மேல்தான் வாசனை எண்ணெய். லாவெண்டர் எண்ணெயில் உள்ள லினலூல், எலுமிச்சை எண்ணெயில் உள்ள லிமோனீன் இரண்டும் காற்றுப் பட்டு மாறும்போது ஒவ்வாமையைத் தூண்டும். திறந்து வைத்துப் பழசான டீ ட்ரீ எண்ணெயும் அப்படித்தான்.

இயற்கைப் பொருள் தீங்கு செய்யாது என்பவர்கள் சேங்கொட்டையை நினைத்துப் பார்க்கட்டும். அதன் எண்ணெய் பட்டால் தோல் கொப்புளித்துப் போகும். சுத்தி செய்யாமல் அதை மருந்தாக்கக் கூடாது என்று சித்த மருத்துவமே விதித்திருக்கிறது. மூலிகையோடு வாழ்ந்த மரபுக்கு இருந்த அந்த அச்சம், விளம்பரம் பார்த்துப் பாட்டில் வாங்கும் நமக்கு இல்லை.

"கெமிக்கல்" என்று நாம் ஒதுக்கும் மருந்துகள் எங்கிருந்து வந்தன? ரோசேசியாவுக்குத் தரும் ஐவர்மெக்டின், ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவின் கொடை. அந்த ஆய்வுக்காகச் சடோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பெலும் 2015-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். இன்னொரு மருந்தான அசெலாயிக் அமிலம் கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிறது. மண்ணும் தானியமும் இயற்கை இல்லையா? எவ்வளவு பூசலாம், யாருக்கு ஆகாது, என்ன பக்கவிளைவு என்று சோதித்துப் பார்த்த பிறகே அவை கடைக்கு வந்தன. உங்கள் எண்ணெயிடம் அந்தக் கேள்விகளை யார் கேட்டார்கள்?

"எனக்குச் சரியாச்சே" என்பார்கள். ரோசேசியா ஏறி இறங்கும் நோய். எரிச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் எண்ணெயைத் தேடுகிறோம். அதன்பின் அது தானே தணிவதும் உண்டு. பெயர் எண்ணெய்க்குப் போகிறது. தணியாவிட்டால், "நீ பத்தியம் இருக்கவில்லை." கூடிவிட்டால், "உள்ளே இருந்த அழுக்கு வெளியே வருகிறது." எது நடந்தாலும் தோற்காத ஒரு கூற்றை அறிவு என்று எப்படிச் சொல்வது? அது பக்தி.

மருந்துக்கடையையும் இதே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பு, சிவப்பைச் சில நாள் அடக்கும். நிறுத்தியதும் முன்னிலும் மோசமாகத் திரும்பும். ரோசேசியா இல்லாத முகத்திலும் அதைப் போன்ற நோயை உண்டாக்கும். "மூலிகை" என்று விற்ற களிம்புகளில் இதே ஸ்டீராய்டு கலந்திருந்ததும் பிடிபட்டிருக்கிறது.

ரோசேசியாவை அடியோடு போக்கும் மருந்து இன்றில்லை, கட்டுக்குள் வைக்கலாம். நேர்மையான மருத்துவர் அதைத்தான் சொல்வார். "அடியோடு போகும்" என்பவரிடம் நாம் கூட்டமாய்ப் போகிறோம். பொய்க்குப் பரிசு கொடுப்பது நாம்தான். இதற்குள் நோய் கண்ணுக்குப் பரவலாம். கவனிக்காவிட்டால் கருவிழி புண்ணாகிப் பார்வை மங்கலாம். லூபஸ் என்ற வேறொரு நோயிலும் கன்னம் இப்படிச் சிவக்கும்; அதுவும் கண்டறியப்படாமல் போகலாம். எண்ணெயில் கழிந்த மாதங்களின் விலை அது.

யோசனை சொல்பவருக்கு நன்றி மட்டும் கிடைக்கிறது. எரிவது கேட்டவரின் முகம். இந்தக் கணக்கு நியாயமா? அடுத்த முறை "பூசிப் பாரேன்" என்று வாயெடுக்கும் முன், கெட்டால் வைத்தியச் செலவை ஏற்பீர்களா என்று உங்களையே கேளுங்கள். மாட்டீர்கள் என்றால், தோல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால், பேசாமல் இருங்கள்.