மறைக்கும் ஒளி

ஆணவம் இருள் போல்வது, மாயை விளக்குப் போல்வது என்று சித்தாந்தம் பயிலும் மாணாக்கர் முதற்கண் பாடங் கேட்கின்றனர். இருள் மறைக்கும், விளக்குக் காட்டும். விளக்கே மறைப்பதும் உண்டாயின் அவ்வுவமை என்னாம்? இவ்வினா வெறுங் கற்பனையன்று.

அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரை 1994-ஆம் ஆண்டு சனவரி 17-ஆம் நாள் வைகறையில் ஒரு பெருநிலநடுக்கம் தாக்கிற்று. மின்விளக்குகள் அவிந்தன. மனையினின்றும் வெளிப்போந்து அண்ணாந்து நோக்கிய மாந்தர் திகைத்தனர். விசும்பு வேறுபட்டதென்னை என்று கிரிபித் வானாராய்ச்சி நிலையத்தாரைத் தொலைபேசி வாயிலாக வினவினாரும் உளர். விசும்பு வேறுபட்டிலது, அவர் கண்டவை என்றுமுள்ள விண்மீன்களே. நாள்தோறும் மேனோக்கிச் சிந்திய நகரொளி, காற்றின் அணுக்களிலும் தூசியிலும் பட்டுச் சிதறி, ஒரு வெண்டிரையாய் நின்று அவற்றை மறைத்திருந்தது.

உமாபதிசிவனார் திருவருட்பயனில் புறவிருளையும் ஆணவத்தையும் வேறுபடுத்திய நுட்பம் ஈண்டு நினைக்கற்பாலது. புறவிருள் பிறவற்றை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது. அந்நகரத்தார் இருளால் மறைக்கப்பட்டிருப்பின், காணாமையைத் தாமே உணர்ந்திருப்பர். ஒளியால் மறைக்கப்பட்டமையின், மறைப்பு உண்டென்பதனையே அறிந்திலர். ஆதலின் மூலமலத்துக்கு நள்ளிருளினும் இவ்வொளியே அணுக்கமான உவமை என்பது எம் துணிபு. உவமை ஒருபுடை ஒப்புமையேயென்று தருக்கம் வல்லார் நகைப்பின் நகைக்க.

அற்றேல், விளக்கு மலமாகிய இருளாயிற்றோ எனின், ஆகாது. தனு கரணங்கள் உயிர்க்கு உதவுவனவே. அவை காட்டும் அளவே உள்ளதன் அளவு என்று கொள்ளுதலே குற்றம். தெருவிளக்கும் அவ்வாறே. மூடியிட்டுக் கீழ்நோக்க அமைப்பின் அது வழியையும் காட்டும், வானையும் மறையாது. லடாக்கிலுள்ள ஹான்லே நிலப்பகுதி 2022-ஆம் ஆண்டில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆண்டுள்ளார் விளக்கொழித்து வாழ்வாரல்லர், விளக்கை மறைத்து ஏற்றுவார்.

நம் திருக்கோயில்களை ஆளும் ஆதீனத்தார்க்கும் இதில் ஒரு கடப்பாடு உண்டு. கோபுரத்தின்மேல் இரவெல்லாம் மின்னொளி பாய்ச்சுதல் இப்பொழுது பெருவழக்காயிற்று. முருகப்பெருமானுக்குப் பாலூட்டிய கார்த்திகை மீன்கள் அறுவரையும் பெருநகர் வானில் எண்ணிக் காண்பார் அரியர். கருவறை விளக்கு வேறு, இது வேறு. அர்த்தசாம வழிபாடு நிறைந்து திருக்கதவம் அடைத்தபின் இதனை அவிக்குமாறு பணியாளர்க்கு ஆணையிடுதல் அவர்க்கு எளிதே.