கொடையா, கடனா?

2024-ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலின்போது என் இளைய மகன் தொலைபேசி வாயிலாக ஒரு வேண்டுகோள் விடுத்தான். அவன் அமெரிக்காவில் பணிபுரிபவன். அந்நாட்டுக் குடியுரிமையையும் பெற்றுவிட்டவன். பள்ளியில் அவனோடு ஒரே வகுப்பில் பயின்ற நண்பர் ஒருவர் அத்தேர்தலில் சுயேச்சையாக நின்றார். நல்லவர், கைப்பொருள் இல்லாதவர். "அம்மா, உங்கள் கணக்கிற்கு 50,000 ரூபாய் அனுப்புகிறேன். உங்கள் பெயராலேயே அவனுக்குக் கொடுத்துவிடுங்கள். நல்லவனுக்குச் செய்யும் தானந்தானே?" என்றான்.

மறுநாள் நான் மறுத்துவிட்டேன். அவன் வருந்தினான். "வீட்டுக் கூரையை மாற்ற நான் அனுப்பியதும் இதே பணந்தானே? அப்போது மட்டும் அது அயல்நாட்டுப் பணமாகத் தெரியவில்லையா?" என்று கேட்டான். பல்லாண்டுகள் பிள்ளைகளின் வினாக்களுக்கு விடை கூறிப் பழகியவள் நான். ஆயினும் அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே அதனை ஆற அமர எண்ணி, நம் குடும்பங்களின் முன் வைக்கிறேன். நம்மில் பலருடைய பிள்ளைகள் இன்று கடல் கடந்தல்லவா வாழ்கின்றனர்?

முதலில் சட்டம் கூறுவதைக் காண்போம். மகன் தாய்க்குப் பணம் அனுப்புவதை அது தடுக்கவில்லை. ஆனால் வேட்பாளரும் அரசியல் கட்சியும் அயல்நாட்டாரிடம் பொருள் பெறுதல் கூடாது. அவர்களுக்காக மற்றொருவர் இடையில் நின்று வாங்கிக் கொடுத்தலும் கூடாது. 1976-இல் இயற்றப்பட்டு, 2010-இல் புதுப்பிக்கப்பட்ட அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் இதனை விதிக்கின்றது. இந்தியக் கடவுச்சீட்டு உடையவர் எந்நாட்டில் வாழினும் இந்நாட்டுக் குடிமகனே, அவர் கொடுக்கலாம். குடியுரிமையை மாற்றிக்கொண்டவர் நம் வயிற்றில் பிறந்தவரேயாயினும் இவ்வகையில் அயலாரே.

இவ்வளவு கடுமை எதற்கு என்பதற்கு வரலாறு விடை தருகின்றது. 1948-இல் இத்தாலி நாட்டுத் தேர்தலில் ஒரு தரப்பிற்கு அமெரிக்க உளவு நிறுவனம் மறைவாகப் பணம் வழங்கியது. எதிர்த்தரப்பிற்குச் சோவியத் நாட்டின் உதவி இருந்தது. நம் நாடும் இத்தகைய பேச்சிற்குத் தப்பவில்லை. 1973 முதல் 1975 வரை தில்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹன், கம்யூனிஸ்டுகளை எதிர்ப்பதற்காக இந்நாட்டின் ஆளுங்கட்சிக்குத் தம் நாட்டு உளவு நிறுவனம் இருமுறை பணம் தந்ததாக 1978-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். 2005-இல் வெளிவந்த மித்ரோகின் ஆவணநூலோ, சோவியத் உளவு நிறுவனமும் இங்குப் பணம் செலவிட்டதாகக் கூறியது. குற்றம் சாட்டப்பட்டோர் மறுத்தனர். உண்மை எதுவாயினும், ஐயம் மட்டும் ஐம்பதாண்டுகளாக மாறவில்லை. மறைவாகக் கைமாறும் பணத்தின் இயல்பு அது; வாங்காதவரையும் வாங்கியவர்போல் ஆக்கிவிடும்.

அண்மைக் காலத்திற்கு வருவோம். இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கம்பெனியின் துணை நிறுவனங்களிடமிருந்து காங்கிரஸ், பாரதீய ஜனதா ஆகிய இரு பெருங்கட்சிகளும் நன்கொடை பெற்றது சட்ட மீறலே எனத் தில்லி உயர்நீதிமன்றம் 2014 மார்ச் மாதத்தில் தீர்ப்பளித்தது. ஆறு மாதங்களுக்குள் நடவடிக்கை எடுக்குமாறும் ஆணையிட்டது. கட்சிகள் உச்சநீதிமன்றத்தை நாடின. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 2016-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வாயிலாக 'அயல்நாட்டு மூலம்' என்னும் சொல்லின் பொருளே மாற்றப்பட்டது. அயலார் கையில் பாதிக்கு மேற்பட்ட பங்குகள் இருப்பினும், முதலீட்டு வரம்பிற்கு உட்பட்டிருந்தால் அந்நிறுவனம் அயலாரன்று என்றாயிற்று. அத்திருத்தம் 2010 வரைதான் பின்னோக்கிச் சென்றது. 2018-இல் மற்றொரு நிதிச் சட்டம் அதனை 1976 ஆகஸ்டு 5 வரை கொண்டு சென்றது. ஏறத்தாழ 42 ஆண்டுகளுக்கு முந்தைய தவறும் தவறன்று என்றாகிவிட்டது.

ஆசிரியையாக இருந்தவளுக்கு இதனை விளக்க ஓர் உவமை போதும். தேர்வு முடிந்து, விடைத்தாள் திருத்தி, இரு மாணவர் தேறவில்லை என்று தெரிந்தபின், அவ்விருவர் எழுதியதே சரியான விடை என்று விடைக்குறிப்பை மாற்றுவது போன்றது இது. அம்மாணவர்களே விடைக்குறிப்பை எழுதும் இடத்தில் அமர்ந்திருந்தார்கள் என்பதுதான் இதிலுள்ள வேதனை.

அதே 2018-இல் தேர்தல் பத்திரத் திட்டமும் வந்தது. கொடுப்பவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. போலி நிறுவனங்கள் வழியாகவும், அயல்நாட்டிலிருந்தும் கட்டுப்பாடின்றிப் பணம் புகக்கூடும் எனத் தேர்தல் ஆணையம் முன்னரே எச்சரித்திருந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு, வாக்காளரின் அறியும் உரிமைக்கு மாறானது என்று அத்திட்டத்தை ஒருமனதாக நீக்கியது.

இனி அறத்தின் கேள்விக்கு வருவோம். அயல்நாட்டார் தீயவர் என்பதனாலா அவர் பணம் ஆகாது? அன்று. தானத்தைப் பற்றிப் பேசும் நம் பெரியோர் கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், பெறுபவர் ஆகிய நான்கையும் நோக்கச் சொல்வர். என் மகனின் பொருள் உழைத்து ஈட்டியது; பெறுபவரும் நல்லவர்; கொடுப்பவன் மனத்தில் கள்ளமில்லை. முறை ஒன்றே பிழை. அவன் பெயரை மறைத்து என் பெயரைப் போடச் சொன்னான். மறைக்க வேண்டிய தேவை எழும்போதே தானம் என்னும் பெயர் அதற்குப் பொருந்தாமல் போகின்றது.

மற்றொன்றும் உண்டு. நான் பணியிலிருந்த நாளில் ஒரு மாணவனின் தந்தை அறுவடையானதும் ஒரு மூட்டை மணிலாக்கொட்டையை எங்கள் திண்ணையில் இறக்கி வைத்துச் சென்றார். எதுவும் கேட்கவில்லை. ஆண்டிறுதியில் அப்பையனின் விடைத்தாளை எடுத்தபோது அம்மூட்டை என் கண்முன் வந்து நின்றது. மதிப்பெண்ணை நான் கூட்டவில்லை. ஆனால் கூட்டாமலிருக்க முயல வேண்டியிருந்தது. ஒரு மூட்டைக்கே இந்நிலை என்றால், கோடிகளைப் பெற்றவர் நிலை என்ன? பெற்றவர் ஆளும்போது விளையும் நன்மை தீமைகளை ஏற்பவர் இம்மண்ணில் வாழ்வோரே. விளைவை ஏற்காதவர் விதையை மட்டும் தூவுதல் முறையாகுமா?

"உள்நாட்டுச் செல்வர் கொடுத்தால் மட்டும் கடன் உண்டாகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். உண்டாகும். நாட்டின் எல்லைக்கோடு பணத்தைத் தூய்மை செய்துவிடாது. அப்பணமும் வெளிச்சத்தில் வரவேண்டும், அளவோடு வரவேண்டும் என்பதே என் கருத்து. அத்துடன் பழியைக் கட்சிகள்மேல் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிவிடவும் முடியாது. 2019-இல் நம் அண்டைத் தொகுதியாகிய வேலூரில், பணப்புழக்கம் காரணமாகப் பாராளுமன்றத் தேர்தலே இரத்து செய்யப்பட்டுப் பின்னர் நடத்தப்பட்டது. இரவில் வாசலுக்கு வரும் உறையை நாம் வாங்கும்வரை, அவ்வுறைக்குள் வைக்கும் பணத்தைக் கட்சிகள் எங்கேனும் தேடிக்கொண்டுதான் இருக்கும். உறைக்குள் இருக்கும் நோட்டு எந்நாட்டிலிருந்து புறப்பட்டது என்பதை வாங்குபவர் அறியமாட்டார்.

என் மகனுக்கு இப்போது என்னால் விடை கூற முடிகின்றது. கூரைக்கு நீ அனுப்பிய பணத்தில் உன் பெயர் இருந்தது. அதனால் நான் பட்ட கடன் தாய்க்கும் மகனுக்கும் இடைப்பட்டது. தேர்தலுக்கு நீ அனுப்ப நினைத்த பணத்தில் உன் பெயர் இல்லை. அதனால் விளையும் கடனோ ஊரார் அனைவர் தலையிலும் விழுவது.

அவன் நண்பருக்கு என் ஓய்வூதியத்திலிருந்து 2,000 ரூபாயை என் பெயரிலேயே கொடுத்து இரசீது பெற்றுக்கொண்டேன். அவர் வெல்லவில்லை; வைப்புத் தொகையையும் இழந்தார். மகனின் மனவருத்தம் இன்னும் முழுதும் தீர்ந்தபாடில்லை. ஆயினும் அந்த இரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். யாரிடமும் காட்டுவதற்கு எனக்குக் கூச்சமில்லாத இரசீது அது. கொடையையும் கடனையும் பிரித்தறிய இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை. நீங்களும் சிந்திப்பீர்களாக.